கோட்டில் மீன் வாடை

“சிங்காரம் அண்ணே, கோட்டை எங்க வச்சிருந்தீங்க? உண்மையச் சொல்லுங்க!”

பையைப் பிரித்ததுமே மீன் வாடை குப்பென்று அடித்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

கடலூர் ஓல்டு டவுனில் பழைய கப்பல்காரர்களின் பொருட்களை வைத்திருக்கும் சின்ன மியூசியம் எங்களுடையது. போன மாதம் அந்தோணிசாமி என்ற பெரியவர் ஒரு ஃபர் கோட்டு கொடுத்தார். கப்பலில் ரஷ்யா போனபோது மனைவிக்கு வாங்கி வந்ததாம். அலமாரியில் வைக்கும் முன்னால், பூச்சி முட்டை சாக அதை ரெண்டு வாரம் ஃப்ரீசரில் போட வேண்டும். எங்களிடம் ஏது ஃப்ரீசர்? ஐஸ்கிரீம் கடையில் வைக்கச் சொல்லி அட்டெண்டர் சிங்காரத்தை அனுப்பியிருந்தேன்.

“வெயில் காலம், யாவாரம் ஜாஸ்தி, எடமில்லன்னுட்டாங்க மேடம். அதான் ஹார்பர்ல எம் மச்சானோட மீன் ஃப்ரீசர் பெட்டில…”

“மீனோடயா? தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு! பையையாவது ஒழுங்கா கட்டக் கூடாதா?”

“நல்லாத்தான் கட்டுனேன். அந்தப் பாவி வஞ்சிரத்தத் தூக்கி மேல போட்டுட்டான். வாலு குத்திப் பை கிழிஞ்சிடுச்சு. வேலையில மட்டும் கை வச்சிடாதீங்க மேடம். பொண்ணு சிதம்பரத்துல படிக்குது.”

“இப்பவே உங்க மேல புகார் லெட்டர் அடிக்கிறேன். சாயங்காலம் மியூசியம் டிரஸ்டுக்குப் போகும்.”

அந்த நேரம் பார்த்தா அந்தோணிசாமி வந்து நிற்க வேண்டும்! அலமாரியில் பூட்டுவதற்குள் கோட்டை ஒரு தடவை பார்க்க ஆசையாம்.

மறைக்க வழியில்லை. கிட்டே வந்தவர் மூக்கை உறிஞ்சினார். முகம் மாறிவிட்டது.

“இத மீனோட வச்சது யாரு?”

நான் சிங்காரத்தைக் கை காட்டினேன். மனுஷன் கதவோரம் ஒதுங்கினார்.

பெரியவர் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

“மார்கழிப் பனியில இதப் போட்டுக்கினுதான் பாப்பா, எங்க முத்தம்மா மீன் ஏலத்துக்குப் போவா. ஹார்பரே சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும்னு கூடையத் தூக்கினு நடப்பா. அவ போனப்புறம் எம் மவ இத டிரை வாஷுக்குப் போட்டுட்டா. வெறுங்கோட்டா திரும்பி வந்துது. வூட்ல வச்சிப் பாக்க மனசில்லாமத்தான் உங்ககிட்ட குடுத்தேன்.”

சிங்காரத்தின் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எட்டு வருசம் கழிச்சி, இன்னிக்குத்தான்யா எம் பொண்டாட்டி வாசன வருது!”