வெள்ளிக்கிழமைப் பழுது

"கிளச்சை அடிமட்டும் மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், முதலாளி! கார்தான் சொல்வழி கேக்குதில்லை!" என்று கத்தினான் சாரதி அம்புறோஸ்.

அவன் காலை எடுக்கவே இல்லை. ஆனாலும் கார் தன்பாட்டில் ஊர்ந்துபோய், முற்றத்து மாதுளங்கன்றைச் சாய்த்துவிட்டு எஞ்சின் அடங்கி நின்றது. மன்னார்த் தாராபுரத்துக்கு வந்த முதல் கார் அது. சீமையிலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

றசாக் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"மூண்டு கிழமையா இதே பாட்டு! ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்மாவுக்குப் போய்வாறதுக்குள்ளதான் இது பழுதாப் போனது. நான் பள்ளிக்குள்ள நிக்க, நீ காரை எடுத்துக்கொண்டு ஊர் சுத்தியிருக்கிறாய்."

"அந்தோனியார் சத்தியமா இல்லை, முதலாளி! வெள்ளியில நான் இறைச்சி தொடமாட்டன் எண்டு ஹவ்வா உம்மா எனக்கெண்டே விளைமீன் கறி வைச்சுத் தாறவ. வயிறுமுட்டத் திண்டுபோட்டு கிட்டங்கியில மூட்டையளுக்கு மேல படுத்தனெண்டால், நீங்கள் வந்து எழுப்பினால்தான் எழும்புவன்."

"கதை விடாதை. இண்டைக்கு மெக்கானிக் வாறான். உன்ர பிழை எண்டு அவன் சொன்னால், கார்த் திறப்பை வைச்சிட்டு நட."

 அம்புறோசின் மனைவி மாக்கிறட்டுக்கு இது எட்டாம் மாதம். மன்னாரில் இன்னொரு கார் வேலைக்கு எங்கே போவது?

முருங்கனிலிருந்து மெக்கானிக் காமில் சைக்கிளில் வந்து இறங்கினான். அவனைக் கூப்பிடச் சொல்லி மூன்று வாரமாக நச்சரித்தவர் முதலாளியின் மனைவி ஹவ்வா உம்மா. இப்போது அவர் யன்னல் திரைக்குப் பின்னால் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"உப்புத் தண்ணிக்குள்ள விட்டனீங்களோ? உள்ளுக்குக் கிளச் தட்டு துருப்பிடிச்சு ஒட்டினாலும் இப்பிடித்தான், மிதிச்சாலும் விடாது," என்றான் காமில்.

"ஒரு சொட்டுத் தண்ணி படேல்லை," என்றான் அம்புறோஸ்.

காமில் காருக்கு அடியில் படுத்து, கிளச் கம்பியை முறுக்கி இறுக்கினான். மறுபடி கியர் போட்டுப் பார்த்தார்கள். கறமுற என்று பல்லைக் கடித்தது. அம்புறோஸ் மனதுக்குள் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டான்.

காமில் குனிந்து, மிதியைக் கையால் அழுத்தினான்.

"இது முழுக்கப் போகுதில்லையே, றசாக் நானா. பாதியில எதிலயோ முட்டுது."

கால்மிதி விரிப்பை இழுத்தான். அடியிலிருந்து ஒரு பலகை வந்தது. தேங்காய் துருவும்போது உட்காருகிற, அகலமான சின்னப் பலகை.

"மிதி இதில முட்டி நிண்டால் கிளச் எப்பிடி விடும்?" என்று சிரித்தான். பலகையை எடுத்துவிட்டு, கம்பியையும் பழையபடி தளர்த்தினான். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

"அம்புறோஸ்! இதை ஏனடா வைச்சனீ?" என்று பாய்ந்தார் முதலாளி.

"பொறுங்கோ, நானா. இவர் ஆறடி ஆள், இவருக்கு இது எதுக்கு? கால் எட்டாத ஆரோ குதிக்காலுக்கு உயரம் வேணுமெண்டு வைச்சிருக்கினம்."

முதலாளி பலகையைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் சமையல் மஞ்சளின் கறை. அவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

யன்னல் திரை மெல்ல விலகியது.

"பாவம், அம்புறோசை ஏசாதேங்கோ. ஊர் ஆம்பிளையள் முழுப்பேரும் பள்ளிக்குள்ள நிக்கிற நேரத்திலதானே எனக்கு றோட்டு வெறுமையாக் கிடைக்குது," என்றார் ஹவ்வா உம்மா. "பாலம் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்புறதுக்குள்ள கியர் படுத்திற பாட்டைத் தாங்கேலாமல்தான், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ எண்டு உங்களை நச்சரிச்சனான்!"