சிறந்த வேஷம்

கறுப்புக் கோட்டும் டையுமாகக் கடற்கரைப் படிகளில் இறங்கிய கெரைன்ட்டைப் பார்த்து, கீழே நின்ற கூட்டம் கைதட்டியது.

அவர் திகைத்து நின்றுவிட்டார். வேல்ஸின் இந்தத் தென்கரையில் குளிர் அவ்வளவு கடுமையில்லை. ஆனாலும் டிசம்பரில் கடலுக்கு யார் வரப்போகிறார்கள் என்று நம்பித்தான் கிறிஸ்துமஸுக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அக்டோபரில் மனைவி சியானைப் புதைத்த அன்று போட்ட கோட்டு அது. அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பும் எண்ணம் அவருக்கு இல்லை. எங்கேயும் திரும்பும் எண்ணமில்லை.

மணல் முழுக்கக் கோமாளிகள், கன்னியாஸ்திரீகள், பென்குயின்கள். இந்த நாளில் வேஷம் போட்டுக்கொண்டு கடலில் விழுந்து எழுவது ஊர் வழக்கம். சியானோடு ஆகஸ்டில் மட்டுமே வந்துபோனவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"மாப்பிள்ளை வந்தாச்சு. பொண்ணு எங்கப்பா?" என்றது ஒரு பென்குயின். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பிப் போகலாம் என்றால் படியெல்லாம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். இவர்களோடு இறங்குவோம், இவர்கள் கரையேறட்டும், நாம் போய்க்கொண்டே இருப்போம் என்று முடிவு செய்தார்.

விசில் ஊதியதும் ஓடினார்கள். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் அலறியபடி திரும்பி ஓடினார்கள். கெரைன்ட் மட்டும் நடந்தார். யாரும் அவரைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்போது ஒரு பெரிய கோழி தத்தளித்துக்கொண்டு வந்தது. அவர் தங்கியிருந்த விடுதியை நடத்தும் நெரிஸ். காலையில் அவர் முட்டையைத் தொடாமல் எழுந்ததற்கு முணுமுணுத்த பெண்மணி. மஞ்சள் இறகுகள் நனைந்து தொங்க, அவரைத் தாண்டிப் போய், அவருக்கும் ஆழத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"நீங்க கரைக்குப் போங்கம்மா," என்றார்.

"எப்படிப் போறது? எனக்கு நீச்சல் தெரியாது சார். இன்னொரு அலை வந்தா கோழி சூப்புதான். கையப் புடிங்க."

அவர் கையை நீட்டவில்லை. அலை வந்தது. அவளைத் தூக்கிச் சாய்த்தது. யோசிப்பதற்கு முன்பே அவர் கை நீண்டுவிட்டது. அவள் பிடித்த பிடி, கரை மணலில் கால் பதிகிறவரை தளரவில்லை.

கரையில் யாரோ கம்பளி போர்த்தினார்கள். சிறந்த வேஷம் இவருடையதுதான் என்று யாரோ கழுத்தில் ரிப்பன் மாட்டினார்கள். அவர் தோள்கள் குலுங்கின. குளிர் தாங்கவில்லை பாவம் என்று பேசிக்கொண்டு நகர்ந்தார்கள்.

நெரிஸ் ஆட்டிறைச்சி சூப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வாங்கவில்லை.

"காரியத்தைக் கெடுத்துட்டீங்க," என்றார் தலை நிமிராமல். "நான் எதுக்கு வந்தேன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் கிண்ணத்தை அவர் விரல்களுக்குள் வைத்து, தன் கைகளால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் வருஷம் நானும் வேஷம் போடாமத்தான் சார் வந்தேன்."