சான்று இல்லாத ஒப்பாரி

பொது இடத்தில் பாடும் பாட்டுக்கெல்லாம், ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு வேண்டுவதுபோல, ஓர் ஆய்விதழின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. புளியந்தோப்பில், ஆட்டோ ஓட்டுநர் பக்கிரியின் உடலருகே கானா பாடகர் தனசீலன் ஒப்பாரிப் பாட்டை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு மைக்கோடு காத்திருந்தார். மாலைகள் வாடிய பிறகுதான் போனில் பதில் வந்தது.

"இன்னாண்ணே சொல்றானுங்க?" என்றாள் பக்கிரியின் மனைவி கன்னியம்மா.

தனசீலன் படித்துக் காட்டினார்: "பிரசவ வலி கண்ட பெண்களை இறந்தவர் தமது ஆட்டோவில் ஏற்றிச் சென்றதாகப் பாட்டில் வருகிறது. அதற்குச் சான்று இல்லை. திருத்தி அனுப்ப மூன்று மாத அவகாசம் தருகிறோம்."

"மூணு மாசம் இவர இப்டியே போட்டு வைக்கவா?" கன்னியம்மா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "இவரு வண்டில போய்ப் பெத்தவளுங்கல்லாம் எயுந்து நில்லுங்கடி!"

பந்தலில் பாதிப் பேர் எழுந்தார்கள்.

"தோ நிக்குது சான்று. அவனுங்கள வந்து எண்ணிக்கச் சொல்லு. நீ பாடுண்ணே!"