பீரோவில் வைத்த வளையம்

குழந்தைகளின் மூச்சிளைப்பு பற்றிய ஆய்வுக்கு வந்த ரெஜினா, நான்கு வயது ஓவியாவின் கையில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினாள். "ஒரு வாரம் கழட்டாதீங்கக்கா. வீட்டுல என்னென்ன மருந்து நெடி புள்ளை மேல படுதோ, அத்தனையும் இது இழுத்து வெச்சுக்கும். இளைப்பு எதனாலன்னு தெரிஞ்சிடும்."

ஓவியாவின் அம்மா செண்பகத்துக்கு வளையத்தைப் பார்த்தாலே பயம். கொசுவத்தி, பினாயில், கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். பெற்றவளே பிள்ளையைக் கெடுத்தாள் என்பார்கள். ரெஜினா படியிறங்கியதும் அதைக் கழற்றி, வீட்டிலேயே சுத்தமான இடம் என்று, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள். ஏழாம் நாள் ரெஜினா வருவதற்குள் மறுபடி மாட்டிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ரெஜினா முடிவுகளோடு வந்தாள். "மத்ததெல்லாம் கம்மிதான்க்கா. அந்துருண்டைதான் எக்கச்சக்கம். பாப்பா என்ன, பீரோவுக்குள்ளயா குடியிருக்கு?"

செண்பகத்துக்கு நிம்மதியில் சிரிப்பு வந்தது. "எந்தப் புள்ளைம்மா பீரோவுக்குள்ள போகும்? உங்க மெஷின்லதான் கோளாறு."

"சரி, கூப்பிடுங்க. மூச்சு எப்படியிருக்குன்னு பாத்துட்டுப் போறேன்."

"ஓவியா!"

செண்பகம் உள்ளறையை எட்டிப் பார்த்தாள்.

"எங்கயாவது ஒளிஞ்சிருப்பா. தினமும் இதே விளையாட்டுதான்."

கட்டிலுக்கு அடியில் இல்லை. கதவுக்குப் பின்னாலும் இல்லை. செண்பகம் மறுபடி கூப்பிட வாயெடுத்தபோது, லேசாகத் திறந்திருந்த பீரோவுக்குள்ளிருந்து இருமல் கேட்டது.