வெட்டிய மூச்சுகள்

"ஏம்ப்பா, குழல் அத்தை வாசிக்கும்போது மூச்சே விடமாட்டாங்களா?" என்று ஒருமுறை மகள் கேட்டாள். ஒலிப்பதிவுக்காரர் சிரித்தார். ரொமான்டிக் காலம் எனப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையின் பதிவுகளில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் மட்டும் கேட்கும்படி, வாசிப்பவர்களின் மூச்சுச் சத்தத்தை வெட்டியெடுப்பதுதான் அவர் வேலை.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பின் அந்த அத்தையின் புதிய பதிவை வெட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கணவரான கிளாரினெட்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்.

"என் கால்ல கட்டுப் போடத்தாண்ணே வந்தோம். ஊசிக்குப் பயந்தவன்னு என்னைக் கிண்டல் பண்ணிட்டிருந்தா. திடீர்னு அவளுக்கு விட்டு விட்டு மூச்சு நிக்குது. டாக்டருக்கே புரியல."

"எப்பலேருந்து?"

"சாப்பாட்டுக்கு அப்புறந்தான்."

வெட்டிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக்காரரின் கை நின்றது. முன்பு தண்ணீரில் மூழ்கிய அவர் மகளின் வாயில் தன் மூச்சை ஊதிப் பிழைக்க வைத்தவள் அவள். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. 'ஆண்டவனே' என்றபடி, வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் ஒட்டினார். கடைசி மூச்சை ஒட்டியதும் போன் அடித்தது.

"மூச்சு சீராயிடுச்சுண்ணே! எழுந்து உக்காந்து, பசிக்குதுன்னு திட்டுறா. நீங்க என்ன பண்றீங்க?"

"சும்மா, வேலைதான் தம்பி."

திரையில் இசை முடிந்திருந்தது. அதற்குப் பிறகும், அவர் ஒட்டாத ஒரு மூச்சு சீராக ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் சேமித்துவிட்டு, விளக்கை அணைத்தார்.