குதிரைச் சிலைக்கு வலது பக்கம்

“இன்னாக்கா நீ, நடு ரோட்ல பேஜார் பண்ணிகினு கீற? பின்னாடி பாரு, நாலு வண்டி ஆரன் அடிச்சிகினு நிக்குது.”

“நிக்கட்டும். போன தடவை நீ ஊத்தின தண்ணியில புழு. மொதல்ல ஒரு பக்கெட் புடிச்சுக் காட்டு. அப்புறம் சம்ப்புல ஊத்து.”

“என் தண்ணியில எங்கக்கா புழு பொழைக்கும்?”

தண்ணி லாரிக்காரர் அதைச் சொல்வதற்கு முன்பே குமரவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சண்டை சென்னை மேடவாக்கத்தில், அவர் வீட்டு வாசலில். அவர் உட்கார்ந்திருப்பது இத்தாலியில், டூரின் நகரத்துச் சதுக்கம் ஒன்றில், குதிரைச் சிலைக்குக் கீழே ஜில்லென்ற கல் படியில். காதில் இயர்போன்.

ஞாயிற்றுக்கிழமை.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தரம் பார்ப்பவர். இத்தாலியில் புது மெஷின் வாங்கினால், கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் இங்கே வந்து ஓட்டிப் பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அது அவர் தலையில்தான் விழும்.

வேலை நாள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிறுதான் நகராது.

காலையில் ஆற்றங்கரை வரை நடந்தார். ஒரு சர்ச்சுக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தார். ரூமில் சாதம் வைத்துப் புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்து கொண்டுவந்திருந்தார். இந்தத் தடவை அது கடையில் வாங்கியது. உப்பு ஜாஸ்தி. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

முதல் வருஷம் அவர் இங்கே வந்தபோது மகன் அனிருத் ஒன்றைக் கண்டுபிடித்தான். இந்தச் சதுக்கத்தில், எதிரே இருக்கிற கட்டிடத்தின் உச்சியில் ஒரு கேமரா இருக்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்களுக்காக வைத்தது. இங்கே நடப்பதை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் மனைவி காந்திமதி அவன் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இவர் குதிரைக்கு வலது பக்கம் போய் நின்று கையைத் தூக்குவார்.

படம் கொஞ்சம் தாமதமாகத்தான் போகும். இவர் கை வலித்து இறக்கி பாக்கெட்டுக்குள் விட்ட பிறகுதான் அவள் போனில், “தோ, இப்பத்தான் தூக்குறீங்க” என்பாள்.

இளைச்சுட்டீங்க என்பாள். யாரு அவ, பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறா என்பாள்.

மனுஷனுக்கு அதுவே ஒரு வாரத்துக்குப் போதும்.

காதில் சண்டை ஓய்ந்தது. லாரிக்காரர் பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். அப்புறம் மூச்சு வாங்க அவள் திரும்பி வருகிற செருப்புச் சத்தம்.

“ஐயோ, இது இன்னும் ரெக்கார்டு ஆயிட்டேவா இருக்கு? சரி, தோ தெரியுறீங்க. நல்லா தெரியுறீங்க. ஸ்வெட்டர் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க.”

அவ்வளவுதான். அதோடு முடிந்துவிடும்.

போன வருஷத்து வாய்ஸ் மெசேஜ். அன்றைக்கு இதே படியில் இதைக் கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். நிஜமாகவே ஒரு பட்டன் மாறியிருந்தது. ஊருக்குத் திரும்பி, ஆபீஸில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொன்னார். மேடவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் பட்டனைப் பார்த்துவிட்டாள், சார்.

இந்த ஆடியில் காந்திமதி போய்ச் சேர்ந்தாள். லேப்டாப் அலமாரிக்கு மேலே மூடிக் கிடக்கிறது.

கொஞ்சம் பார்க்கிறாயாடா என்று மகனிடம் கேட்கலாம். கேட்டால் அவன் அழுவான்.

இருந்தாலும் எழுந்தார். குதிரைக்கு வலது பக்கம் போய் நின்றார். கையைத் தூக்கினார். தோள் வலிக்கிற வரைக்கும் இறக்கவில்லை.

இறக்கிய பிறகுதான் அவருக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தக் கேமராவைப் பார்த்ததில்லை. அவர் எதற்குப் பார்க்க வேண்டும்? பார்க்கத்தான் ஆள் இருந்தாளே.

அவசர அவசரமாகப் போனில் திறந்தார். அவர் கை தூக்குவது இன்னும் வந்திருக்காது. அவள் பார்த்ததைத் தானும் பார்த்துவிடலாம்.

சதுக்கம் வந்தது. குதிரை வந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. சுற்றிலும் எள்ளை இறைத்த மாதிரி மனிதர்கள்.

காத்திருந்தார்.

குதிரைக்கு வலது பக்கம் ஏழெட்டு எள் இருந்தன. அதில் எது கையைத் தூக்கியது என்று அவருக்கே தெரியவில்லை. விரலால் பெரிதாக்கினார். எள் கட்டம் கட்டமாக உடைந்து போனது.

முகம் இல்லை. கை இல்லை. பட்டன் எங்கிருந்து?

மெல்லக் குனிந்து ஸ்வெட்டரைப் பார்த்தார்.

இன்றைக்கும் மாறித்தான் இருந்தது. என்றைக்குமே அவர் அதைச் சரியாகப் போட்டதில்லை. தினம் காலையில் வாசலில் நிறுத்தி, சட்டைப் பட்டனை அவள்தான் கழற்றிச் சரியாகப் போட்டு அனுப்புவாள்.

அவர் அதைச் சரி செய்யவில்லை. அப்படியே நின்றார்.

இதைப் படிக்கிறவர்களில், தூர தேசத்தில் இருக்கிற உங்கள் ஆளை இப்படி எள் அளவில் பார்த்தவர்கள் யாராவது இருப்பீர்கள். லேப்டாப்பில் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியுமா? இல்லை, தெரியாமலேயே தெரிகிறது என்று சொல்லிவிடுவீர்களா? குமரவேலுக்கு அங்கே இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருக்கிறது. அதற்குள் தயவு செய்து ஒரு வரி பதில் எழுதுங்கள்.