ஒரு குடையும் பூட்டிய ரவுட்டரும்

"இந்தக் குரலும் சரிப்படாது," என்று கடிகாரக்காரர் போனை வெட்டினார்.

வெட்டிய கையோடு அதே எண்ணை மறுபடியும் அழுத்தினார். கடை திறந்ததிலிருந்து இதே கூத்துதான். இணையக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து யாராவது "வணக்கம் சார்" என்பார்கள். இவர் பாட்டுப் போட்டி நடுவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், வெட்டிவிடுவார். அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிற பாதிப் பேரை இப்படியே கழித்துக் கட்டியிருப்பார்.

அலாரக் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருந்த டீச்சரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, அந்தப் பையன் நல்லாத்தானே பேசினான்?"

"நல்லாத்தான் பேசினான் டீச்சர். ஆனா குரல்ல அன்பு பத்தல. என் விஷயம் அப்படி."

"அப்படி என்ன விஷயம்?"

கடிகாரக்காரர் கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு, மேஜையைக் காட்டினார். ஸ்பிரிங்குகளுக்கும் பல்சக்கரங்களுக்கும் நடுவே ஒரு ரவுட்டர் ஒற்றைச் சிவப்பு விளக்கால் அவரை முறைத்துக்கொண்டிருந்தது.

"பழைய கம்பெனி கொடுத்த பெட்டி. அவங்க லைன்ல மட்டும்தான் வேலை செய்யணும்னு உள்ளுக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்க. நான் புதுக் கம்பெனிக்கு மாறிட்டேன். பூட்டைத் திறக்க ஒரு நம்பர் இருக்காம். எனக்குத் தெரிஞ்ச நம்பரெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. இன்னும் ஒரே ஒரு தடவ தப்பாப் போட்டா, செங்கல்லோட செங்கல்லா செவுத்துல வெச்சுப் பூசிட வேண்டியதுதான்."

"வேற பெட்டி வாங்கிக்கிட்டாப் போச்சு."

"பெட்டியில என்ன இருக்கு டீச்சர். தன்னைக் கேக்காம மாத்திட்டேன்னு வீட்டுக்காரி பேச்சையே நிறுத்திட்டா. ஞாயித்துக்கிழமையிலேருந்து வீட்ல நெட்டும் இல்ல, பேச்சும் இல்ல. தட்டை வைக்கிற சத்தத்துலதான் அவ மனசு எனக்குத் தெரியுது. இன்னிக்குள்ள ரெண்டுல ஒண்ணாவது திரும்பி வரணும்."

அதற்குள் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

கடிகாரக்காரர் விறைப்பாக நிமிர்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். டீச்சரம்மா எட்டிப் பார்த்தார். வீடியோ அழைப்பு ஒன்றும் இல்லை.

"ரவுட்டர் பூட்டைத் திறக்கற நம்பர் வேணும் மேடம்."

மறுமுனையில் எதையோ மேஜைமேல் டொக்கென்று வைக்கிற சத்தம் கேட்டது.

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது, சார்," என்றது குரல், ஒவ்வொரு சொல்லையும் ஆணி மாதிரி அடித்து. "எங்களை விட்டுப் போறதுக்கு என்ன காரணம்னு தெரிஞ்சுக்கலாமா?"

"புதுக் கம்பெனிக்காரன் ஒரு குடை கொடுத்தான் மேடம்."

"ஒரு குடைக்காகவா?"

"பட்டனை அழுத்தினா தானா விரியும்."

"இத்தனை வருஷப் பழக்கம். பட்டன் குடைக்கு முன்னாடி நிக்கல."

டீச்சரம்மாவுக்கே சுருக்கென்றது. கம்பெனி மேல் இவ்வளவு பற்றுள்ள ஊழியரை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"தப்புதான் மேடம். வீட்ல சொல்லாமச் செஞ்சது அதைவிடத் தப்பு. அவங்களுக்கு உங்க கம்பெனின்னா உசிரு. மன்னிப்புக் கேக்கலாம்னு பக்கத்துல போனா மிக்ஸியைப் போட்டுடறாங்க."

"அவங்க செய்யறது நியாயம்தான் சார். வேணும்னா இங்கேயே கேட்டுடுங்க. என்ன சொன்னாலும் நாங்க முழுசாக் கேட்டுத்தான் ஆகணும். பாதியில போனை வைக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

கடிகாரக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மன்னிச்சுடும்மா. இனிமே ஃப்யூஸ் போன பல்பை மாத்தறதா இருந்தாக்கூட உன்னைக் கேக்காம மாத்த மாட்டேன்."

டீச்சரம்மா கைக்குட்டையைத் தேடினார்.

"பதிவு பண்ணிக்கிட்டேன் சார். நம்பர் கொடுக்கறதுக்கு முன்னாடி, இணைப்பு உங்களுதுதானான்னு சரிபார்க்க ஒரு கேள்வி. உங்க கல்யாண நாள் என்ன?"

கடிகாரக்காரரின் நெற்றியில் ஒரு ஏரியே பெருகியது. ஊரார் நேரத்தையெல்லாம் நொடி பிசகாமல் திருத்திக் கொடுக்கிறவர், சொந்தத் தேதியில் தடுமாறினார்.

"ஜூன்... பன்னெண்டு?"

"தப்பு சார்." குரலில் பனிக்கட்டி கொட்டியது. "இன்னும் ஒரு தடவதான் கேப்பேன்."

அவர் சத்தமில்லாமல் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பினார். கல்யாணப் பரிசாக வந்தது. தேதி பொறித்திருந்தது.

"பதினாலு மேடம். ஜூன் பதினாலு. மறக்கற நாளா அது?"

"நன்றி சார்," என்று குரல் எண்ணைச் சொன்னது.

கடை மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அவர் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார். காற்று பட்டால் எண் நகர்ந்துவிடும் என்பதுபோல் டீச்சரம்மா மூச்சை அடக்கிக்கொண்டார். பூட்டு நீங்கியது என்றது திரை. ரவுட்டரின் சிவப்புக் கண் பச்சையாகச் சிமிட்டியது.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"ஒண்ணே ஒண்ணு மேடம். வீட்ல பேசிடுவாங்களா?"

"ரெண்டாவது தடவ வாட்சைத் திருப்பிப் பாத்துத்தானே தேதி சொன்னீங்க? அதுக்கு வீட்ல வந்து கச்சேரி வெச்சுக்கறேன்," என்றது குரல். "ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியுது. மழை வர்ற மாதிரி இருக்கு. அந்தக் குடையை எடுத்துக்கிட்டு ஆபீஸ் வாசல்ல வந்து நில்லுங்க."